குவைத்துக்குப் போன கோழிச் சத்தம்

அடைக்கோழியோடு குடித்தனம் நடத்தியவன் என்று யாராவது என்னைக் கேலி செய்தால் நான் மறுக்க மாட்டேன். இரண்டு வருஷம் நடத்தினேன். அந்தச் சிவப்புக் கோழியைப் போல முரண்டு பிடித்த ஒரு ஜீவனை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் அதன் கழுத்தைத் திருகியிருக்க வேண்டும் என்றுதான் கை பரபரக்கிறது.

எங்கள் ஊர் புத்தலப்பட்டுக்குப் பக்கம். சித்தூர் ரோட்டில் மாம்பழக்கூழ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஊரே முன்னேறுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கடைத்தெருவில் கலர் டிவி வந்தது, எஸ்.டி.டி. பூத் வந்தது, எனக்கு வந்தது சீசன் வேலை. வருஷத்தில் மூன்று மாதம் கம்பெனியில் பழம் கழுவுவேன். மீதி ஒன்பது மாதம் யாராவது கூப்பிட்டால் கரும்பு வெட்டப் போவேன், கூப்பிடாவிட்டால் கயிற்றுக்கட்டிலில் கிடப்பேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார்கள். ஆம்பிளைக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண்களுக்கு ஆறே மாதத்தில் வந்துவிடும். என் மனைவிக்கும் வந்தது. அவள் போனாள். என் பொறுப்பில் மூன்று வயது மகளும் ஏழு கோழிகளும் நின்றன.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். என் தாய்மாமன் மகள், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, போற எடத்துல எனக்குக் கண்ணு கெடையாது. நீ சொல்றதுதான் எனக்குக் கண்ணு. நல்லதோ கெட்டதோ மறைக்காத சொல்லணும்."

"சொல்றம்மே, எதுக்கு மறைக்கப் போறேன்?" என்றேன்.

"கோயிங்களப் பாத்துக்கோ. நான் வரும்போது நூறு ஆயிருந்துச்சுன்னா அப்பறம் எங்கியும் போவ மாட்டேன். நீ வெரட்டினாலும் போவ மாட்டேன்."

குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். அதனால் டிரைவர் வண்டியை எடுக்கிற வரைக்கும் கோழியைப் பற்றியே பேசினாள்.

அவள் வேலை செய்த வீட்டில் போன் பேச விடமாட்டார்கள். ஆகவே கேசட்தான். லீவில் வந்த ஒருத்தி கையில் அவள் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பினாள். அதில் பேசி, ஊருக்கும் குவைத்துக்கும் போய் வருகிறவர்கள் பெட்டியில் போட்டு அனுப்புவோம். ஒரு கேசட் போய், பதில் கேசட் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். அவள் பாத்ரூமில் உட்கார்ந்து பேசுவாள் போலிருக்கிறது, குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும். "நான் நல்லாக்கீறேன்" என்று தொடங்குவாள். அடுத்த வரியே கோழி.

அவள் போன நாலாம் மாதம் சிவப்புக் கோழிக்கு அடைக் கிறுக்கு பிடித்தது. முட்டை இடுவதை நிறுத்திவிட்டு, இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து கொர் கொர் என்று உறுமியது. விறகுக்கட்டுக்கு இடையில் உட்கார்ந்தது. இழுத்துப் போட்டேன். வெங்காயக் கூடையில் ஏறிச் சின்ன வெங்காயத்தை அடைகாத்தது. அங்கிருந்தும் இழுத்துப் போட்டேன். கம்பெனி யூனிபாரத்தை மடித்து வைத்திருந்தேன், அதன்மேல் உட்கார்ந்து எச்சமும் போட்டது. கையை நீட்டினால் கொத்தும். என் புறங்கையைப் பார்த்தவர்கள் முள்வேலியில் விழுந்தாயா என்று கேட்டார்கள்.

பக்கத்து வீடு என் அக்கா வீடு. புருஷன் இல்லாதவள், தினம் கூலிக்குப் போகிறவள். அவளிடம் போய்ப் புலம்பினேன்.

"தண்ணித் தொட்டில நாலு முக்கு முக்குடா. கிறுக்கு எறங்கிடும்" என்றாள்.

முக்கினேன். நனைந்த கோழி நேராகப் போய் வெங்காயக் கூடையில் உட்கார்ந்தது.

"மூக்குல எறகு குத்து. எறக எடுக்கறதுலயே நெனப்பா இருக்கும், அவயம் மறந்துடும்" என்றாள். அடைகாப்பதை எங்கள் பக்கம் அவயம் என்போம். ஒரு இறகைப் பிடுங்கி அதன் மூக்குத் துளையில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தேன். அந்தக் கோழி முழு மீசைக்காரனாக மூக்கில் இறகோடு வெங்காயத்தின்மேல் உட்கார்ந்து என்னை முறைத்தது. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

இதைக் கேசட்டில் சொன்னேன். பதில் வந்தது.

"மூக்குல எறகு குத்தினியா? உன் மூக்குல குத்தினா நீ சும்மா இருப்பியா மாமா? அதுவே குந்தறேன்னு சொல்லுது, அத எதுக்குக் கெடுக்கற? முட்ட வெய்யி. பதினொண்ணு வெய்யி, ஒத்தப்படைல வெய்யி. கூடைல மணலக் கொட்டி வைக்கோலு போடு. மழக்காலம், இடி இடிச்சா முட்ட கலங்கிக் கூயா பூடும், நடுவுல ஒரு துண்டு இரும்பும் அடுப்புக்கரியும் வெய்யி. பாப்பாவ ஒரு பாட்டு பாடச் சொல்லி அனுப்பு."

அந்தக் கேசட் வருவதற்குள் கோழி தானாகவே கிறுக்குத் தெளிந்து, மறுபடி முட்டையிட்டு, மறுபடி கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தது. சரி, அவள் சொன்னபடியே செய்வோம் என்று கூடை கட்டினேன். பதினோரு முட்டை வைத்தேன். கரி வைத்தேன். இரும்புக்குத் தேடினேன். வீட்டில் எத்தனையோ இரும்பு இருக்கும், அந்த நேரத்துக்குக் கண்ணில் பட்டது தகரப்பெட்டியின் சாவி. எங்கே தொலையப் போகிறது, கோழிக்கு அடியில் இருந்தால் திருடன்கூட எடுக்க மாட்டான் என்று என் அதிபுத்தி சொன்னது. போட்டேன். கோழி அலகால் அதைத் தள்ளித் தள்ளி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் காலையில் மகளுக்கு மூச்சு இழுத்தது. நாலு நாளாக இருமல், கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நெஞ்சு குழிந்து குழிந்து ஏறியது, மூக்கு விடைத்தது. ஊர் ஆர்.எம்.பி. டாக்டர் பார்த்தவுடனே, "திருப்பதிக்குத் தூக்கிக்கினு ஓடு, இங்க நிக்காத. ரேசன் கார்டு எடுத்துக்கோ, அது இல்லாங்காட்டி காசு கேப்பாங்க" என்றார்.

ரேஷன் கார்டு தகரப்பெட்டியில் இருந்தது, அதன் சாவி கோழிக்கு அடியில். குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு கூடைக்குள் கையை விட்டேன். கொத்தியது. துணி சுற்றிக்கொண்டு விட்டேன். இறக்கையால் அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே தூக்கி வெளியே வீசினேன். இரண்டு முட்டை என் கையிலேயே உடைந்தது. உள்ளே முழுசாக உருவான குஞ்சு. அதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் சாவியைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். நர்ஸம்மா ஊசி போட்டுக்கொண்டே தெலுங்கில் கேட்டார், "ஏமய்யா, பாப தல்லி எக்கட?" குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்கிறார். "குவைட்லோ உந்தி மேடம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வார்டில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. மற்ற கட்டில்களில் எல்லாம் அம்மாக்கள் இருந்தார்கள். ஒன்பது நாள், மகளின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவதுதான் எனக்கு வேலை. டாக்டரே எண்ணச் சொல்லியிருந்தார்.

பத்தாம் நாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். பிழைத்துவிட்டாள். கூடை காலி. அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"ஒம்போதும் பொரிச்சிதுடா. ஒண்ணுகூட கூமுட்ட இல்ல. ரெண்டு நாளு கூடையக் கவுத்து மூடி வெச்சிட்டுத்தான் போனேன். கல்லக்கா செடி புடுங்கற சமயம், கூலிக்குப் போவாங்காட்டி அடுத்த வருசம் கூப்புட மாட்டான். மூணா நாளு உள்ள கெடந்து கத்திச்சே, கொஞ்சம் மேயட்டும்னு தொறந்து வுட்டேன். காக்கா தூக்கிக்கினு போனது நாலு. கீரி ரெண்டு. மீதி மழைல நனஞ்சி வெறச்சிப் போச்சி. நான் இன்னாடா பண்ணுவேன்?"

அவளை என்ன சொல்ல? அவளும் வயிற்றுப் பாட்டுக்குத்தான் ஓடுகிறாள். யார்மேலாவது கத்த வேண்டும் என்றிருந்தது, கத்த ஆள் இல்லை. சிவப்புக் கோழியைத் தேடினேன். ஒன்பது குஞ்சைப் பறிகொடுத்த தாய், ஐந்தே நாளில் துக்கத்தை முடித்துக்கொண்டு, வெங்காயக் கூடையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அட சனியனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே குவைத்துக்குப் போகிற ஆள் வந்தார். கேசட் கொடுக்க வேண்டும். ரிக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி என்று சொன்னால் அவள் அங்கே என்ன செய்வாள்? பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரன் கையில். கிளம்பி வரவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. குழந்தைதான் பிழைத்துவிட்டதே, எதற்குச் சொல்ல வேண்டும்? அதை மறைத்தால் ஒன்பது நாள் வீட்டில் இல்லாததை மறைக்க வேண்டும். அதை மறைத்தால் குஞ்சுகளும் உயிரோடு இருக்க வேண்டும். இப்படி ஒன்றுக்கு ஒன்று முட்டுக்கொடுத்து, "ஒம்போது குஞ்சும் ஜோரா கீதும்மே, தாயி பின்னாலயே ஓடுது" என்று பேசி முடித்தேன். மகளையும் பேசவைத்தேன். "அம்மா, பிஸ்கட்டு கொண்டா" என்றாள். நடுவில் இருமல் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். இருமி முடித்ததும் மறுபடி அமுக்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதில் வந்தது.

"ஒம்போது குஞ்சு கீதுன்ற. ஒரு கீச்சு சத்தம்கூட கேக்கல? பானைக்குள்ள குந்திக்கினு பேசறியா மாமா? அடுத்த வாட்டி வெளிய குந்திப் பேசு. எனக்குக் குஞ்சுங்க கத்தறது கேக்கணும்."

இதென்ன வம்பாகப் போயிற்று! அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக் கருப்புக் கோழி எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. எனக்குச் சாமியே வழி காட்டியது என்று நினைத்தேன். ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வாசலில் உட்கார்ந்து, நொய்யரிசியை என் காலைச் சுற்றித் தூவினேன். குஞ்சுகள் கீச் கீச் என்று மொய்த்தன. தாய்க்கோழி அழைத்துக்கொண்டே சுற்றி வந்தது. "கேக்குதா? உன் குஞ்சுங்கதான்" என்று சிரித்துக்கொண்டே பேசினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா கூத்து இது? செத்துப்போச்சின்னு சொன்னாதான் இன்னா? அவ இன்னா உன்ன அடிக்கவா போறா?" என்றாள், நான் பொத்தானை நிறுத்திய பிறகு.

"உனக்குத் தெரியாதுக்கா, நீ சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த கேசட் வந்தபோது குழாய்ச் சத்தம்தான் முதலில் கேட்டது. வழக்கமான "நான் நல்லாக்கீறேன்" இல்லை. டேப் சிக்கிக்கொண்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகு பேசினாள்.

"மாமா, முழு டேப்பும் ரெண்டு வாட்டி கேட்டேன். குஞ்சு கத்தறது நல்லா கேட்டுச்சி. மூணு மாசத்துக் குஞ்சு இப்படியா கத்தும்? கொரலு ஒடஞ்சிருக்கணும். சேவலுங்க கூவப் பாத்துக்கினு இருக்கணும். இது பொரிச்சி ஒரு வாரம்கூட ஆவாத குஞ்சு. கூப்பிடற தாயும் என் கோயி இல்ல. அது உங்க அக்கா வூட்டுக் கருப்புக் கோயி, அதோட கொரலு எனக்குத் தெரியாதா? நான் கோயிக்காக அயுவல மாமா. செத்தா சாவட்டும். கோயி விசயத்துலயே பொய் சொல்றவன், கொயந்த நல்லாக்கீதுன்னு சொன்னா நான் எப்படி நம்பறது? பாப்பா பேசறப்போ மட்டும் டேப்பு எதுக்கு நடுநடுவுல கட்டாவுது? எம்பாப்பாவுக்கு இன்னா ஆச்சி? இருக்காளா மாமா?"

அவ்வளவுதான். எங்கோ மணி அடிக்கிற சத்தம் கேட்டது, அவள் நிறுத்திவிட்டாள். மீதி டேப் முழுவதும் வெறும் உஸ் என்ற சத்தம்.

என் மகள் முற்றத்தில் கோழியை விரட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருத்தி இதே குழந்தையை இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு, எனக்கு டேப் வந்து சேர்கிற வரைக்கும், என் பதில் போய்ச் சேர்கிற வரைக்கும், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். மறைத்தால் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தவன் நான். கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாள், அந்தக் கண்ணைக் குத்தியவனும் நான்தான். என் வாழ்க்கையில் என்னை நானே அப்படித் திட்டிக்கொண்டதில்லை.

அன்றைக்கே சித்தூர் போனேன். குவைத்துக்குப் போகிறவர்கள் யார் யார் என்று டிராவல்ஸ் டிராவல்ஸாகக் கேட்டு ஒருவரைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்ட் சிமெண்டு பெஞ்சிலேயே ரிக்கார்டரை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைச் சொன்னேன், கையில் உடைந்த முட்டையைச் சொன்னேன், திருப்பதியைச் சொன்னேன், மூச்சு எண்ணியதைச் சொன்னேன், இருமலுக்குப் பொத்தான் அமுக்கியதைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இந்த முறை பதில் மூன்று வாரத்திலேயே வந்தது. யார் காலைப் பிடித்துக் கொடுத்தனுப்பினாளோ.

"சரி. சொன்னியே, அது போதும். இனிமே பாப்பாவப் பேசச் சொல்லி அனுப்பாத. நீ சொல்லிக் குடுத்து அது பேசும். அது தூங்கறப்போ நெஞ்சுகிட்ட டேப்ப வெய்யி. அது மூச்சு வுடறத நான் கேக்கணும். நீ ஒண்ணும் பேசாத."

மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டி, பாயில் படுக்க வைத்தேன். தூங்கிவிட்டாள். ரிக்கார்டரை அவள் நெஞ்சோடு ஒட்டி வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். அந்தச் சண்டாளக் கோழிக்கு அப்போதுதான் கிறுக்குத் தெளிந்து முட்டையிட்டிருக்கிறது. வெங்காயக் கூடையிலிருந்து குதித்து, வீட்டுக்குள்ளேயே கொக்கரித்தது பாருங்கள், ஊரைக் கூட்டுகிற மாதிரி. எழுந்து விரட்டினால் சத்தம் பதியும். பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். அது என்னைச் சுற்றி வந்து கொக்கரித்தது. குழந்தை விழித்துக்கொண்டது. அதே சமயம் கேசட் வாங்க ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று. மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. அந்த உருப்படாத கேசட்டையே கொடுத்தனுப்பினேன். ஒரு சின்னக் காரியத்தையாவது ஒழுங்காகச் செய்ய விட்டதா அந்தக் கோழி என்று சாயங்காலம் வரைக்கும் பொருமிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் முடிந்து அவள் வந்தபோது வீட்டில் நூறு கோழி இல்லை. பதினேழு இருந்தது. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து சோப்பும் சென்ட்டும் பிஸ்கட்டும் எடுத்து வைத்தாள். அடியில் அந்தக் கேசட் இருந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தேன். டேப் இழுபட்டுக் கோழி ஆம்பிளைக் குரலில் கொக்கரித்தது.

"இத எதுக்கும்மே வெச்சிக்கினு இருந்த? முழுக்க கோயி சத்தம்தானே, எனக்கே அன்னிக்கி வெறுத்துப் போச்சி" என்றேன்.

"கோயி கத்தறதுக்கு முன்னாடி எட்டு மூச்சு கீது மாமா" என்றாள். "தெனம் அத மட்டும் கேட்டுட்டு நிறுத்திடுவேன்."